லைச்சித் தேநீரில் ஒரு சிட்டிகை

விஜயராணியின் கோப்பையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

இன்று கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. வாரம் முழுக்க ராசா ஊர்ப் பக்கம் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய கை. விரல் மரத்துப்போனால் சிட்டிகைக்கும் கைப்பிடிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

வேறு கோப்பை கலக்க நேரமில்லை. கூடத்தில் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"வணக்கம், வணக்கம். புக்கிட் செந்தோசாவுல இப்பத்தான் மழை விட்டுச்சு. இன்னைக்கு லைச்சித் தேத்தண்ணி குடிச்சுப் பாக்கப்போறோம்."

ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் இதுதான் நடக்கும். பிஸ்கட் டின்மேல் கைப்பேசி சாய்ந்து நிற்கும். சத்தம் கேட்கும் என்று காற்றாடியை நிறுத்திவைப்போம். ரோஜா, இஞ்சி, பாண்டான் இலை என்று யார் யாரோ அனுப்பும் வாசனைத் தேயிலைகளை என் மனைவி குடித்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று லைவில் சொல்லுவாள்.

அவளுக்கு நாக்கில் ருசி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர்.

லைவை நிறுத்திவிடலாம் என்றேன்.

"இதையும் நிறுத்திட்டு செவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றாள்.

அதனால் ருசி பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அடுப்படியில் ஒரு வாய் குடித்துவிட்டு, கைப்பேசிக்குப் பின்னால் நின்று, பெட்டி அட்டையில் பெரிசாக எழுதிக் காட்டுவேன். அவள் குடிப்பாள், அட்டையைப் பார்த்துச் சொல்லுவாள்.

எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதுக்குப் பிறகு, அவள் சொல்லிக்கொடுத்துத்தான். தெரிந்த சொற்கள் கொஞ்சம். எனவே ரோஜாவுக்குக் 'கல்யாண வீட்டு வாசல்' என்று எழுதினேன். பாண்டானுக்கு 'சோறு பொங்குற வாசம்'. டுரியான் பழத் தேநீருக்கு 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினேன். அதையும் அப்படியே வாசித்தாள். அன்றைக்குக் கைப்பேசி முழுக்கச் சிரிப்புப் படம்.

அதற்கு முன் அவள் சமையலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலையிலிருந்து வந்தால் குளியல், சோறு, படுக்கை. இப்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. புளி போதுமா, காரம் எப்படி, மீன் புதுசா. அவள் எதிரே உட்கார்ந்து கேட்பாள்.

"நல்லாருக்குன்னா எப்படி நல்லாருக்கு? வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்று நோண்டுவாள்.

ஆரம்பத்தில் நானும் தினம் கேட்டேன், ஏதாவது தெரிகிறதா என்று. கேட்கும்போதெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

கேட்காமல் தெரிந்துகொள்ளத்தான் உப்பு. இனிப்புத் தேநீரில் உப்பு இருந்தால் யாருக்கும் முகம் கோணும். அவளுக்குக் கோணுகிற அன்றைக்கு நாக்கு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை கோணவில்லை. பாண்டான் அன்றைக்கு மட்டும், ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். வாசித்தாள்.

கோப்பையை அவள் முன் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

யாரோ கைப்பேசியில் எழுதியிருந்ததை அவள் படித்தாள். "அக்கா, அண்ணனுக்கும் குடுத்தீங்களான்னு கேக்கறாங்க. அவருக்கா? கல்ல வறுத்து வெச்சாலும் மென்னு முழுங்கிட்டுப் போய்ப் படுத்துருவாருலா."

நான் அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

அவள் குடித்தாள்.

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உப்பு. கண் இமைகூடச் சுருங்கவில்லை. விழுங்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"லைச்சிப் பழத்த உரிச்ச கைய, கழுவாம மோந்து பாத்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு."

நான் எழுதியது அதுதான்.

கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள்.

இவ்வளவு உப்பே தெரியவில்லை என்றால் இனிமேல் எங்கே என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைச் சுவரோரம் சாய்த்தேன். காற்றாடியைப் போட்டேன்.

கைப்பேசியை அணைத்துவிட்டு அவள் கோப்பையோடு அடுப்படிக்குப் போனாள். ஒரு குவளை தண்ணீர் குடித்தாள். நிறுத்தி, இன்னொரு குவளையும் குடித்தாள்.

குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவத் தொடங்கினாள். திரும்பவில்லை.

"இன்னைக்கு உப்பு ரொம்பத் தூக்கலாப் போச்சு. போன வாரம் போட்டீங்களே, அந்த அளவு போதும்."

நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். மீன் குழம்பை ஊற்றினாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

நான் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன்.

"ம்," என்றாள். "சொல்லுங்க."