படகைக் கேட்கும் வரி

வெள்ளிக்கிழமை. கந்தோரில் வேலை செய்யும் மூன்று பேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட, ஹுஸ்னியாவும் பிரசாந்தும்தான் மிச்சம்.

மீனவர் சங்கத்துக்கான ஜாவா மென்பொருளில் ஐந்து பகுதிகள். தனக்கு வேறெந்தப் பகுதி வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியல். அவற்றில் ஒன்றில், இல்லாத ‘படகு’ பகுதியைக் கேட்கும் வரியை ஹுஸ்னியா நாலாம் தரமாக அழித்தாள். அழிக்க அழிக்க அது திரும்பி வந்தது. இதே கந்தோரில் இருந்து ‘படகு’ எழுதிய நளீம் சுனாமியில் போனவன். அவனுடைய கணினியும் கடலோடு போனது. யுத்தமே முடிந்துவிட்டது, இந்த வரி முடிந்தபாடில்லை.

“பிரசாந்த், இதத் திருப்பித் திருப்பிப் போட்டு என்ட உயிர வாங்காதீங்க!”

“நான் தொடவே இல்ல மிஸ்.”

பல்லைக் கடித்துக்கொண்டு மென்பொருளை மறுபடி ஓடவிட்டாள். முந்திய மூன்று தரமும் ‘படகு இல்லை’ என்று சிவப்பில் நின்றது இம்முறை பச்சையில் முடிந்தது. சேர்ந்த பகுதிகள் ஆறு என்று காட்டியது.

ஆறாவது ‘படகு’. இன்று பன்னிரண்டரைக்கு உருவாகியிருந்தது. திறந்தாள். தொழப் போகுமுன் நளீம் எப்போதும் எழுதிவைக்கும் குறிப்பு முதல் வரியில் இருந்தது: “மிச்சம் ஜும்ஆ முடிஞ்சி வந்து எழுதுறன்.”

“இது ஆருட வேல?” என்று அவள் கத்தும்போதே, தொழுகை முடிந்து படியேறி வரும் சத்தம் கேட்டது. வாசலில் செருப்புகள் கழன்றன. மூன்று சோடி. பிறகு, இன்னொரு சோடி.