அத்திமரத்தடி

ஜாம்பியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆவுடையப்பனுக்கும் செண்பகவல்லிக்கும் ஒரே மகள் கோமு. ஆறு வயதில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள். காட்டோரத்தில் ஒரு பெரிய அத்திமரத்தடியில் அவளைப் புதைத்தார்கள்.

அந்த மரத்தில் ஒரு ஜோடி துராக்கோ பறவைகள் இருந்தன. இலையோடு இலையாகப் பச்சையாக இருக்கும். கிளைகளில் அணில்போல ஓடும். பறக்க விரித்தால்தான் சிறகின் சிவப்பு தெரியும். நாளெல்லாம் அத்திப்பழம் தின்னும். அவை கடித்துப் போட்ட பழமும் எச்சமும் கோமுவின் சமாதிக் கல்மேல் விழுந்துகொண்டே இருக்கும். செண்பகவல்லிக்கு அது பொறுக்காது. தினமும் காலையில் துடைப்பத்தோடு போய், "பச்சப்பிள்ள மேல இப்படியா அசிங்கம் பண்ணுவிய?" என்று அண்ணாந்து திட்டிக்கொண்டே கூட்டிக் கழுவுவாள்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நாள் வந்தது. இனி இங்கே வர வாய்க்காது என்று இருவருக்கும் தெரியும். ஆவுடையப்பனே துடைப்பத்தையும் வாளித் தண்ணீரையும் எடுத்து வந்தார். செண்பகவல்லி கல்லைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"கார் வந்து நிக்கி. நான் கூட்டட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. அப்படியே கெடக்கட்டும்" என்றாள். "பாக்கிறவங்களுக்கு, இந்தப் பிள்ளகிட்ட யாரோ வந்துட்டுப் போறாங்கன்னு இருக்கும்."

ஆவுடையப்பன் துடைப்பத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், கையில் பிடித்தபடியே காரில் ஏறினார்.