மேனேஜருக்குப் பிடிக்காத ஆள்

"டாக்டர், நெஞ்சுல கொஞ்சம் ஈரம் சுரக்கிற மாதிரி ஊசி ஏதாவது இருக்கா? பூனைக்கு இல்ல, என் மருமகளுக்கு."

கூடையை மேஜைமேல் வைக்கும்போதே மாமனார் ஆரம்பித்துவிட்டார். மருமகள் ஆபீஸிலிருந்து நேராக கிளினிக்குக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் மனதில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும் என்றுதான் அவர் முன்னதாகவே கிளம்பி வந்தார்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடையைத் திறந்தார்.

உள்ளே சாம்பல் நிறப் பூனை. வீட்டில் அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். கொஞ்ச நாள் முன்பு அது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது, இதயச் சுவர் தடித்துப்போயிருக்கிறது, இனி ஆயுசு முழுக்க இருவேளையும் மாத்திரை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்த மாத்திரையை அவ எப்படிக் குடுக்கறா தெரியுமா? பீரோவுக்கு அடியிலேர்ந்து இழுத்து, துண்டுல சுத்தி, மடியில இடுக்கிக்கிட்டு, வாயைப் பிளந்து உள்ள தள்ளறா. போலீஸ்காரி தோத்தா."

"பூனைக்கு அப்படித்தான் சார் குடுக்கணும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நான் மீன்ல மறைச்சு வெச்சுப் பார்த்தேன்."

"கசப்பு தெரிஞ்சா மீனையே விட்டுடுமே."

"விட்டுட்டான். அதுக்கும் அவகிட்ட திட்டு வாங்கினேன்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பூனையின் விலாவில் வைத்துக் கேட்டார். அதுவரை தொணதொணத்த மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்கு சார். போன தடவை நெஞ்சுல கேட்ட களகளச் சத்தம் இப்ப இல்ல. ஒரு வேளைகூடத் தப்பாம மாத்திரை போயிருக்கு. பாதிப் பேர் ரெண்டே வாரத்துல அலுத்துப்போய் விட்டுடறாங்க."

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. மருமகளுக்குக் கிடைத்த பாராட்டு மட்டும் அவர் காதில் விழவில்லை.

"அதான் டாக்டர், இனிமே நானே குடுத்துக்கறேன். என் சம்சாரம் போனப்புறம் எனக்குப் பேச்சுத் துணைக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். இவன் தினம் படற பாட்டைப் பார்க்க முடியல. நான் கேட்டா, 'நீங்க பேசாம உட்காருங்க மாமா'ன்னு வாயை அடைச்சிடறா. ஒரு நாள் அவ வர நேரமாச்சேன்னு நானே குடுத்துட்டேன். நல்லதாப் போச்சுன்னு சொல்ல வேணாமா? 'உங்களை யார் குடுக்கச் சொன்னது'ன்னு ஒரே சண்டை. நீங்க சொன்னா கேட்பா. சொல்லுங்க."

"நீங்க குடுத்த அன்னிக்கு, அது உங்க மடிக்கு வந்துச்சா?"

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வரல. மறுநாளும் முறைச்சுக்கிட்டுத்தான் இருந்தான். அப்புறம் சமாதானமாயிட்டான். ஆனா அவகிட்ட அப்படியா? இவனைக் குட்டியா இருக்கும்போது ஆபீஸ் கார் ஷெட்லேர்ந்து தூக்கிட்டு வந்ததே அவதான். பகல்ல என் மடி, ராத்திரியானா அவ தலையணை. அவ குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளியில உட்கார்ந்து கத்துவான். அப்படி இருந்தவன் இப்ப அவ செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளியறான். எவ்வளவு கொடுமை பண்ணியிருந்தா இப்படி ஆகும்?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டியபடியே நின்றுவிட்டார்.

"தலையணையிலயா படுக்கும்?"

"ஏன் டாக்டர்?"

"முதல் நாள் ஊசி போடறதைப் பார்க்க மனசு வரலைன்னு நீங்க வெளியில போய் உட்கார்ந்துட்டீங்க. அப்ப உங்க மருமககிட்ட ஒண்ணு சொன்னேன். வாயைத் திறந்து மாத்திரை போடற ஆளை நிறையப் பூனைங்க மன்னிக்காது, அப்புறம் அந்த ஆள்கிட்ட ஒட்டாது. அதனால வீட்டுல அதுக்கு அவ்வளவா ஒட்டுதல் இல்லாத ஆள் யாராவது குடுங்கன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"'அப்ப நான்தான் டாக்டர். என்னைத்தான் அதுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது'ன்னாங்க."

புகார் கொடுக்க வந்தவர் பூனையின் தலையைத் தடவியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது அவருக்கு.

கதவு திறந்தது. தோளில் ஆபீஸ் பையோடு, மூச்சிரைக்க மருமகள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், பஸ் கிடைக்கல. மாமா, இவனுக்கு மாத்திரை நேரமாச்சு."

அவள் குரல் கேட்டதுமே மேனேஜர் மாமனாரின் கைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் ஒரு கணம் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பையிலிருந்து துண்டையும் மாத்திரையையும் எடுத்தாள்.

அவள் மணிக்கட்டு முழுக்கக் கீறல். இத்தனை நாளும் அதைப் பார்க்கும்போதெல்லாம் நன்றாக வேண்டும் என்று நினைத்தவர்தான் மாமனார்.

"இங்க குடும்மா" என்று கையை நீட்டினார். "இனிமே சாயந்தர மாத்திரை என் பொறுப்பு."

"வேண்டாம் மாமா. அப்புறம் இவன் உங்க மடிக்கு வரமாட்டான்." சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமனார் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் விரித்தார்.

"வராட்டிப் போறான்மா. பேச்சுத் துணைக்கு எனக்கு நீ இருக்கியே."