பழைய பெயர், புதிய பெயர்

“ஏட்டி பிச்சம்மா, ஃபேனுக்குக் கீழ வந்து இரி” என்றாள் வடிவம்மாள். பழவங்காடியில் அனந்தபத்மநாபனின் ஆன்லைன் சேவைக் கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவம்மாளின் மகள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியின் பட்டை, அதில் அட்டை திரும்பிக் கிடந்தது. “பேரு மாத்தணும் சார். கெசட்ல வரணும்.”

“மாத்தாம பின்னே?” என்றார் அனந்தபத்மநாபன். இந்தக் காலத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பிள்ளைக்குப் பிச்சம்மாளா!

பெயர் விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் எண்ணம். கடைக்கு வருகிறவர்களின் பெயருக்கெல்லாம் கேட்காமலே அர்த்தம் சொல்லுவார். ஜினு என்று ஒருவன் வந்தபோது மட்டும் திணறிப்போனார்.

“எப்போ கிடைக்கும் சார்? அடுத்த மாசம் இருபதாம் தேதி எனக்கு ஹார்ட் ஆபரேஷன். ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் புதுப் பேர்ல போடணும்.”

அவருக்கு மனசு இளகிவிட்டது. அத்தனை பேர் நடுவில் நர்ஸ் வந்து ‘பிச்சம்மாள் ஆரா?’ என்று கூவினால் பாவம், பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

“அதுக்குள்ள வந்திரும் மக்ளே. ஆனா அந்தப் பேரை நீ மோசமா நெனைக்காண்டாம், கேட்டியா?” என்று ஆரம்பித்தார். “பிள்ளைங்க தங்காத வீட்டுல பிச்சைன்னு வைப்பாவ. எமன் பேரைக் கேட்டதும் மூஞ்சியைச் சுளிச்சுட்டுப் போயிருவானாம். மங்கோலியாவுல ‘பேரில்லை’ன்னே பேரு வைப்பாவ. ஆப்பிரிக்காவுல சில எடத்துல ‘குப்பைமேடு’. எந்த ஊரு எமனா இருந்தாலும் புத்தி ஒண்ணுதான்!”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த வடிவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“எனக்கு அஞ்சு சார். தங்கினது இவ ஒருத்திதான்” என்றாள்.

அதற்குள் மகளின் போன் அடித்தது. “ஆமா, ஜானவியாணு. அட்மிஷன் பத்தொன்பதாம் தேதி” என்று மலையாளம் கலந்து பேசிவிட்டு வைத்தாள்.

கெசட்டில் வருவதற்கு முன்பே புதுப் பெயரில் புழங்க ஆரம்பித்துவிட்டாளே! அனந்தபத்மநாபனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஜானவின்னா கங்கையாக்கும். நல்ல செலக்‌ஷன்!”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் காதில் வாங்கினால்தானே? அர்த்தம் சொல்லிக்கொண்டே கட்டங்களை நிரப்பி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“பழைய பேரு பிச்சம்மாள். புதிய பேரு ஜானவி. சரிதானே? ஆதாரை எடு, பார்ப்போம்.”

அவள் ஆதாரை எடுத்து வைத்தாள். கழுத்து அட்டையையும் திருப்பிக் காட்டினாள். இரண்டிலும் ஜானவி என்றுதான் இருந்தது.

“ஸ்கூல்ல சேர்த்தப்போ டீச்சர் எழுதின பேரு சார். வீட்டுல மட்டுந்தான் பிச்சம்மா.”

அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அப்போ எதை எதுவா மாத்தணும்?”

வடிவம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“இருபதாம் தேதி எமன் வந்து சீட்டைப் பாத்தாம்னா, அதுல பிச்சம்மாள்னு இருக்கணும் சார்.”