ஆள் தெரியாத ஜன்னல்

“ஜன்னல் கண்ணாடியில ஒட்டற படத்துக்கு மேல லேமினேஷன் கிளாஸியா, மேட்டா அக்கா?” என்று கேட்டான் ஸ்டிக்கர் கடை மதன்.

“எதுல ஆள் தெரியாது?” என்றாள் காவேரி கவலையோடு. தேவராஜ மொஹல்லா பகுதியில் பெண்களுக்கான எடை குறைப்பு நிலையம் நடத்துகிறவள் அவள்.

“மேட்ல வெளிச்சம் மட்டும் வரும். கிளாஸி பளபளன்னு இருக்கும், ஆனா லேசா ஆள் தெரியும்.”

“அய்யோ, கிளாஸி பேடப்பா, வேண்டவே வேண்டாம்! தெரிஞ்சா ஒருத்திகூட வகுப்புக்கு வரமாட்டா.”

“பயப்படாதீங்க. தெருவுல நிக்கறவங்களுக்கு உள்ள இருக்கறவங்க தெரியவே மாட்டாங்க.”

“அதை யாரு கேட்டா? உள்ள குதிக்கறவங்களுக்குத் தெருவுல நிக்கறவங்க தெரியக் கூடாது!”

“தெருவுல அப்படி யாரு நிக்கறாங்க அக்கா?”

காவேரி குரலைத் தாழ்த்தினாள்.

“எதிர்க்கடையில சுடச்சுட மைசூர்பாக் போடறாங்கல்ல... அங்க தினமும் நான்தான்பா நிக்கறேன்.”