எட்டாம் நாள் மீன்கறி

"மச்சாள், இது மீனில்லை."

ஆழ்வாப்பிள்ளை வாயில் வைத்த துண்டை வாழையிலையின் ஓரத்தில் துப்பினார். பந்தி முழுதும் திரும்பிப் பார்த்தது.

அவருடைய தமையனார் பஞ்சலிங்கம் காலமாகி அன்று எட்டாம் நாள். இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைத்து, உறவினர் கூடி உண்ணும் எட்டுச்செலவு நாள். மீனில்லாமல் ஒரு வாய் சோறும் இறங்காதவர் பஞ்சலிங்கம். போரால் கடலுக்குப் போகத் தடை வந்தோ ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

"சோயா மீற், தம்பி," என்றாள் பஞ்சலிங்கத்தின் மனைவி பத்மாவதி.

"படையலுக்கும் உதுவோ?"

"ஓம். கொண்ணருக்கு ஒரு வருசமாய் இதைத்தான் மீனெண்டு குடுத்தனான்."

"கண் தெரியாத மனிசனை நல்லாய்த்தான் பேய்க்காட்டியிருக்கிறாய்," என்றாள் நாத்தனார் குணலட்சுமி.

பத்மாவதி மறுக்கவில்லை. நோயாளியின் உடம்பு தேறப் புரதம் வேண்டுமென்றார் டொக்டர். பருப்பு, பயறு, கௌப்பி எதையும் பஞ்சலிங்கம் தொடவில்லை. வேறு வழியின்றிச் சோயாவை ஊறவைத்துப் பிழிந்து, மீன்சட்டியிலேயே புளியும் வெந்தயமும் உள்ளியும் கூட்டிக் காய்ச்சினாள். அவர் கோப்பையை வழித்து உண்டார். "முள்ளெல்லாம் எடுத்தெல்லே தந்திருக்கிறாய்," என்று மெச்சவும் செய்தார்.

உண்மையைச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டோமே என்பதுதான் எட்டு நாளாக அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

பந்தற்காலைப் பிடித்தபடி நின்ற யாகோப்பு தொண்டையைச் செருமினான். முன்பு சைக்கிளில் வீடு வீடாக மீன் விற்றவன்.

"அக்கா, அண்ணை சொல்லவேண்டாமெண்டவர். இனிச் சொல்லலாந்தானே. மாசியிலை ஒளிச்சு வலை எறிஞ்சு ரெண்டு விளைமீன் கொண்டந்தனான். நீங்கள் பண்டத்தரிப்புச் சந்தைக்குப் போயிருந்தியள். அண்ணை மணந்து பாத்திட்டுத் திருப்பித் தந்திட்டார்."

"அண்ணை மீனைத் திருப்பித் தந்தவரோ?" ஆழ்வாப்பிள்ளை நம்பவில்லை.

"ஓம். 'முதல் வாயிலையே எனக்குத் தெரியும், அவள் தாறது சோயாவெண்டு. உது வீட்டுக்கை வந்தால், நான் வித்தியாசம் கண்டுபிடிச்சிடுவனெண்டு பயந்து சாவாள். கொண்டுபோ யாகோப்பு. எனக்கு என்ரை பத்மா தாற மீன் போதும்' எண்டவர்."