எட்டாம் அறையிலிருந்து மூன்று தட்டு

"பக்கத்துல எட்டாம் ரூம் காலிதான். ஆனா சாயந்திரமானா சுவத்தைத் தட்டும். பயந்துடாதீங்க" என்றார் வார்டர், சாப்பாட்டைக் கீழே வைத்தபடி.

ஏழாம் அறையில் சுருண்டு கிடந்த தையல்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஏதோ ஆத்திரத்தில் பக்கத்துக் கடைக்காரரைத் தள்ளிவிட, அவருக்கு இடுப்பு உடைந்தது. இவருக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. சிறைக்கு வந்து நாலு நாளாகியும் சாப்பாடு இறங்கவில்லை. மகள் போட்ட கடிதம் பிரிக்காமலே கிடந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பிரிப்பது? செத்துத் தொலைந்தால் தேவலை என்றிருந்தது.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்த எட்டாம் ரூம்ல ஒருத்தன் உயிரை விட்டுட்டான். அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தட்டியிருக்கான். ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. இப்ப அவன்தான் அந்தப் பக்கம் உக்காந்து தட்டுறான். சாயந்திரம் தலை எண்ணி முடிச்சதும் மூணு தட்டு. நீங்களும் திருப்பி மூணு தட்டி, அன்னிக்கு நடந்ததுல ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"விடிய விடியத் தட்டும். உங்க தூக்கம்தான் போகும், எனக்கென்ன."

பேயாவது பிசாசாவது என்று திரும்பிப் படுத்துக்கொண்டார் தையல்காரர்.

சாயந்திரம் டொக், டொக், டொக். விடுவதாயில்லை. பொறுக்க மாட்டாமல் எழுந்து இவரும் மூன்று தட்டினார். "இன்னிக்கு ஒண்ணும் நடக்கல, போ" என்று சுவரிலிருந்த ஓட்டையில் எரிந்து விழுந்தார். சத்தம் நின்றது. பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிற பேய்தான்.

மறுநாளும் தட்டியது. சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று சிறையின் தையல் கூடத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே வந்து நின்றார் ஜெயிலர். அவருக்குக் கைதிகள் வைத்த பெயர் 'கருங்கல்'. சிரித்து யாரும் பார்த்ததில்லை. "என்னய்யா தையல் இது, கோணல்மாணலா?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அன்று பேயிடம் பொரிந்து தள்ளினார் தையல்காரர். "அந்தக் கருங்கல்லுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது. இருட்டு மூலையில மெஷினைப் போட்டா தையல் எப்படி நேரா வரும்?"

இரண்டு நாள் கழித்துக் கருங்கல் மறுபடி வந்து உறுமினார். "இவன் மெஷினை ஜன்னல்கிட்ட போடுங்க. இனிமே எப்படிக் கோணுதுன்னு பார்க்கிறேன்."

வாரத்தில் ஒரு நாள் மட்டும் சுவரில் தட்டு கேட்காது. பேய்க்கும் லீவு உண்டு போல என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாளில் சொல்ல விஷயம் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் மகளின் கடிதத்தைப் பிரித்து ஓட்டைப் பக்கமாகச் சத்தமாக வாசித்தார். "அப்பா, உங்க மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன். நீங்க சாப்பிடுறீங்களா?" அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. குழந்தை மாதிரி அழுதார். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரே ஒரு தட்டு கேட்டது.

அன்றைக்கு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மகளுக்குப் பதிலும் எழுதினார்.

அப்புறம் நாட்கள் ஓடியே போயின. விடுதலை உத்தரவு கைக்கு வந்தபோது சாயந்திரம் ஆகியிருந்தது.

"அந்தப் பேய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேனே" என்றார் தையல்காரர்.

வார்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பின்பக்கத் தாழ்வாரம் வழியாகக் கூட்டிப்போய் எட்டாம் அறைக் கதவைத் தள்ளினார்.

சுவரோரமாக ஒரு முக்காலி. அதில் கருங்கல் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல் முட்டிகள் காய்த்துப் போயிருந்தன.

"நீங்களா சார்?"

"அந்த ராத்திரி டியூட்டியில இருந்த வார்டர் நான்தான்யா, தட்டினது கேட்டும் போகாம இருந்துட்டேன்" என்றார் கருங்கல். "அதுக்கப்புறம் உன்னோட சேத்துப் பதினோரு பேர் திருப்பித் தட்டியிருக்கீங்க... போ, வாசல்ல உன் பொண்ணு நிக்குது."